ரோலர் அறையும் காதுக்குள் இருக்கும் மயிர்ச் செல்களும்

2016-ஆம் ஆண்டு மே மாதம், கோடை மழைக்குப் பிறகு பச்சைத் தேயிலை வரத்து உச்சத்தில் இருந்த ஒரு மாலையில், இலை கொள்முதல் செய்யும் கொட்டகையிலிருந்து எங்கள் ஆலைக்குத் தொலைபேசியில் எடைக் கணக்குச் சொன்னார்கள். ஒரு சிறு விவசாயியின் இலை எழுபது கிலோ. என் காதில் விழுந்தது அறுபது. ஐயம் எழுந்ததால் திரும்பச் சொல்லும்படி கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் இரண்டு முறை உரக்கக் கத்தியும் எனக்கு அறுபது என்றே கேட்டது. அப்படியே பதிவேட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் அந்த விவசாயி தம் எடைச் சீட்டோடு வந்து நின்றார். என்னைவிட மூத்த படுகர். பல ஆண்டுகளாக எங்களுக்கு இலை கொடுப்பவர். கணக்கைத் திருத்திக் கொடுத்த பிறகும் அவர் புறப்படவில்லை. “பத்துக் கிலோ பெரிய விஷயம் இல்லை தம்பி, நீ முதலில் காதைப் போய்க் காட்டு” என்றார்.

அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு தேயிலை ஆலையில், முதலில் ரோலர் அறை உதவியாளராகவும் பிறகு தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராகவும், 27 ஆண்டுகள் வேலை செய்திருந்தேன். அத்தனை உரக்கக் கத்தியும் எழுபது ஏன் அறுபதாகவே கேட்டது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடியபோதுதான், காதுக்குள் ஒலி எந்த இடத்தில், எந்தச் செல்லில், எப்படி நரம்புச் செய்தியாக மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறாம் வயதிலேயே அது தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி வேலை செய்திருப்பேன். நீலகிரியில் ஆலைகளிலும் மரம் அறுக்கும் இடங்களிலும் வேலை பார்க்கும் இளைஞர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

சி.டி.சி. ஆலையை, அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் ஆலையை, உள்ளே சென்று பார்க்காதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். வாட்டிய இலை ரோட்டர்வேன் என்னும் இயந்திரத்தில் நசுங்கி வெளியே வந்து, பல் வெட்டிய எஃகு ரோலர்களின் இடையே விழும். ஜோடி ரோலர்களில் ஒன்று மெதுவாகச் சுழலும். மற்றது ஏறத்தாழ பத்து மடங்கு வேகத்தில் சுழலும். இந்த வேக வேறுபாட்டில்தான் இலை நசுங்கி, கிழிந்து, சுருள்கிறது. இப்படி மூன்று, நான்கு ஜோடிகள் வரிசையாக ஓட, பக்கத்தில் வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகளும் அப்பால் ட்ரையரின் காற்றூதியும் சேர்ந்து இரைய, கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். அப்படிக் கத்த வேண்டியிருந்தாலே அந்த இடத்தின் ஒலி அளவு 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அந்த இரைச்சலை நான் தொல்லையாக எண்ணியதே இல்லை. ரோலர்களின் பல் மழுங்கியிருக்கிறதா, இடைவெளி கூடிவிட்டதா என்பதை ஓசையை வைத்தே சொல்லிவிடுவேன். அது என் தொழிலின் பெருமை. காதை மூடாமல் இருந்ததற்கு நான் சொல்லிக்கொண்ட காரணமும் அதுவே.

காது மந்தமானதை வீட்டார்தான் முதலில் கவனித்தார்கள். “என்னங்க, குக்கர் விசில் போனதுகூடக் கேட்கலையா?” என்று என் மனைவி கேட்கத் தொடங்கிய காலம் அந்த மே மாதத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் முந்தையது. இரவில் வீட்டைச் சுற்றி ஒலிக்கும் சுவர்க்கோழிகளின் ஓசை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அவை அந்தப் பக்கத்தில் குறைந்துவிட்டன என்றே நினைத்திருந்தேன். மலையில் எல்லோரும் சொல்வதைப் போல, பனிக்காற்று காதில் ஏறிவிட்டது, சளி அடைத்துவிட்டது என்று முடிவு செய்து, இரண்டு குளிர்காலங்கள் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாகக் காதில் விட்டுக்கொண்டேன். அதனால் எந்தப் பயனும் இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்திருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிக் கெடுதலே செய்திருக்கும். ஆகவே மருத்துவர் பார்க்காத காதில் எதையும் ஊற்றாதீர்கள்.

இந்தத் தவறான எண்ணத்துக்கு மலைப்பாதையும் ஒரு காரணம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் இறங்கும்போது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, செவிப்பறை உட்புறமாக அழுந்திக் காது அடைக்கிறது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ, தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்து அடைப்பு நீங்கிவிடும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழாய் வீங்கி அடைப்பு நீடிக்கும். மலையில் வாழும் நாம் இந்த அடைப்பைச் சிறுவயதிலிருந்தே அறிவோம் என்பதால், காது கேட்காமை என்றாலே அது அடைப்புதான் என்றும், அடைப்பு என்றால் ஒருநாள் திறந்துகொள்ளும் என்றும் நம்பிவிடுகிறோம். அடைப்பு நிகழ்வது வெளிக்காதிலும் நடுக்காதிலும். என் இழப்பு உட்காதில் இருந்தது. அங்கே அடைத்துக்கொள்ள எதுவும் இல்லை, திறந்துகொள்ளவும் எதுவும் இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் எனக்குச் செய்த சோதனையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலர் அதற்கு அஞ்சித் தள்ளிப் போடுகிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. சுவரெல்லாம் தடித்த பஞ்சுப் பலகை பதித்த ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் ஒலி கேட்ட கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். தாழ்ந்த சுருதிகள் எளிதாக வந்தன. சுருதி உயர உயர, கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்த ஆடியாலஜிஸ்ட் பெண்ணின் விரல் கருவியில் நகர்வதைக் கண்டேன்; ஆனால் காதில் எதுவும் விழவில்லை. அவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அரை நிமிடத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இன்றும் உணர்கிறேன். பிறகு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மீது ஒரு சிறு அதிர்வுக் கருவியை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார். அந்த அதிர்வு வெளிக்காதையும் நடுக்காதையும் பெரும்பாலும் தாண்டி, மண்டை எலும்பு வழியாக உட்காதுக்கே செல்லும். அதிலும் விடை மாறவில்லை. ஆகவே பழுது உட்காதில்தான் என்பது உறுதியாயிற்று.

அவர் காட்டிய வரைபடத்தில் 500 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் உயரத்தை அளக்கும் அலகு) என் காது நன்றாகவே இருந்தது. 2,000-இல் கோடு சரிந்தது. 4,000-இல் 65 டெசிபல் வரை பள்ளமாக விழுந்து, 8,000-இல் சற்றே மேலேறியது. “ஐயா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் கேட்கவே தேவையில்லை, இரைச்சலில் வேலை செய்பவர்களின் கோடு இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, தாளின் பின்புறத்தில் ஒரு நத்தைச் சுருளை வரைந்தார். அன்று அவர் சொன்னதும், அதன்பின் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான்.

காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது; சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அந்த அசைவை உட்காதின் திரவத்துக்குள் செலுத்துகின்றன. செவிப்பறையின் பரப்போடு ஒப்பிட்டால் அங்கவடியின் அடிப்பகுதி மிகச் சிறியது. அதனால் அழுத்தம் ஏறத்தாழ இருபது மடங்காகக் கூடி, காற்றைவிட அசைப்பதற்குக் கடினமான திரவத்தையும் அசைக்க முடிகிறது. அந்தத் திரவம் நிரம்பிய சுருள்தான் காக்ளியா. இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுருண்டிருக்கும் அதை நீட்டிப் பார்த்தால் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர்தான். அதன் நெடுக ஓடும் அடித்தளச் சவ்வு, நுழைவாயிலில் குறுகி விறைப்பாகவும், உள்நுனியில் அகன்று தளர்வாகவும் இருக்கிறது. ஆகவே உயர்ந்த சுருதி வாயிலருகிலும் தாழ்ந்த சுருதி உள்நுனியிலும் அந்தச் சவ்வை அதிகமாக அசைக்கின்றன. சவ்வின்மீது அலை இப்படி நடைபோவதைக் கண்டறிந்த கியார்க் ஃபான் பெகேஷி 1961-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு சுருதிக்கும் சவ்வில் ஓர் இடம் உண்டு என்பதே இதன் பொருள். எந்த இடம் அசைந்தது என்பதைக் கொண்டுதான் மூளை சுருதியைப் பெரிதும் அறிகிறது.

அந்தச் சவ்வின்மேல் மயிர்ச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உள்வரிசை ஒன்று, அதில் ஒரு காதுக்குச் சுமார் 3,500 செல்கள். வெளிவரிசை மூன்று; அவற்றில் சுமார் 12,000 செல்கள். ஒரு கண்ணில் ஒளியை உணரும் செல்கள் பன்னிரண்டு கோடிக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால், காதின் கையிருப்பு எவ்வளவு சிறியது என்பது விளங்கும். அந்த எண்ணைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான அச்சம் வந்தது.

ஒவ்வொரு மயிர்ச் செல்லின் தலையிலும் நுண்ணிய ரோமங்கள் கொத்தாக நிற்கின்றன. அவை ஒரே உயரம் கொண்டவை அல்ல. குட்டை, அடுத்தது சற்று உயரம், அதற்கடுத்தது இன்னும் உயரம் என்று, எங்கள் மலைச்சரிவில் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வெட்டிய படிக்கட்டு வயலைப் போல ஏறி நிற்கும். குட்டை ரோமத்தின் நுனியிலிருந்து அடுத்த உயர ரோமத்தின் பக்கவாட்டுக்கு, மிக மெல்லிய ஓர் இழை கட்டப்பட்டிருக்கிறது. சவ்வு அசையும்போது கொத்து உயரமான பக்கமாகச் சாய்ந்தால் இந்த இழை இழுபடுகிறது. இழுபட்ட இழை, ரோம நுனியில் உள்ள ஒரு நுண்வாயிலைத் திறந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இழை தளர்ந்து வாயில் மூடிக்கொள்கிறது. கதவின் கயிற்றை இழுத்தால் கதவு திறப்பதைப் போன்ற நேரடி வேலை இது; இடையில் எந்த இரசாயனச் செய்தியும் இல்லாததால், வாயில் திறப்பதற்கு நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரமே போதும். கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி இந்த ரோமக் கொத்தைச் சாய்க்கும் தூரம் ஓர் அணுவின் அளவை ஒத்தது என்று படித்தபோது, அதே கொத்தின்மீது 27 ஆண்டுகள் நான் எதை ஏவிவிட்டேன் என்று எண்ணி வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

வாயில் திறந்ததும் உள்ளே பாய்வது பெரும்பாலும் பொட்டாசியம். ரோமங்கள் நனைந்திருக்கும் திரவத்தில் பொட்டாசியம் மிகுந்திருக்கிறது. அந்தத் திரவத்துக்கு ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் நேர்மின் அழுத்தமும், செல்லின் உட்புறத்துக்கு எதிர்மின் அழுத்தமும் உண்டு. இந்த அழுத்தத்தைத் தயாரிப்பது மயிர்ச் செல் அன்று. காக்ளியாவின் பக்கச் சுவரில் இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு பட்டை அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஆலையில் ட்ரையருக்கு வேண்டிய வெப்பக் காற்றை அப்பால் உள்ள அடுப்பு தருவதைப் போல, இங்கும் மின்னாற்றல் வேறோர் இடத்திலிருந்து வருகிறது; மயிர்ச் செல்லின் வேலை வாயிலைத் திறப்பதும் மூடுவதும் மட்டுமே.

பொட்டாசியம் நுழைந்ததும் செல்லின் உள்ளே மின்னழுத்தம் மாறுகிறது. அதனால் செல்லின் அடிப்பகுதியில் உள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் புகுந்ததும், அங்கே தயாராக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் நுண்பைகள் வெடித்துக் குளூட்டமேட் என்னும் பொருளைச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையே உள்ள இடுக்கில் கொட்டுகின்றன. அது நரம்பு முனையைத் தொட்டதும் நரம்பில் துடிப்பு கிளம்பி மூளைத் தண்டை நோக்கிப் போகிறது. ஆக, ஒலியாக வந்தது அசைவாகி, அசைவு மின்னாகி, மின் இரசாயனமாகி, மீண்டும் மின்துடிப்பாகி மூளைக்குச் செல்கிறது. செவி நரம்பில் உள்ள சுமார் 30,000 இழைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்வரிசைச் செல்களோடுதான் இணைந்திருக்கின்றன. ஓர் உள்வரிசைச் செல்லிலிருந்து பத்து முதல் இருபது இழைகள் வரை புறப்படலாம். அவற்றில் சில மெல்லிய ஒலிக்கே துடிக்கும், சில உரத்த ஒலிக்கு மட்டுமே துடிக்கும்.

அப்படியானால் எண்ணிக்கையில் மும்மடங்குக்கு மேல் உள்ள வெளிவரிசைச் செல்கள் எதற்கு என்ற கேள்வி எழும். என் அறுபது–எழுபது புதிருக்கு விடை அங்கேதான் இருந்தது. வெளிவரிசைச் செல்லின் சுவரில் பிரெஸ்டின் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. செல்லின் மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் அந்தப் புரதம் சுருங்கி விரிவதால் செல்லே குட்டையாகியும் நீண்டும் ஆடுகிறது. ஒலியின் தாளத்துக்கேற்ப அது ஆடும் ஆட்டம், சவ்வின் அந்த ஒரே இடத்தின் அசைவைப் பெருக்கி, பக்கத்து இடங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது. இந்தச் செல்கள் இறந்தால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. 40, 50 டெசிபல் அளவுக்கு மெல்லிய ஒலிகள் மறைகின்றன. அதோடு, அடுத்தடுத்த சுருதிகளைப் பிரித்தறியும் கூர்மையும் மழுங்குகிறது. முதல் இழப்பைக் கத்திப் பேசி ஓரளவு ஈடுசெய்யலாம். இரண்டாவதைக் கத்தலால் ஈடுசெய்ய முடியாது. மழுங்கிய ரோலரில் இலையை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் துகள் ஒரே சீராக வராது என்பது தேயிலைத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். என் காதும் அந்த நிலையில் இருந்தது. பேச்சின் உரம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் உள்ள உயிரெழுத்து ஒலிகளில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிக்கும் க, ச, த, ப போன்ற ஒலிகளின் அடையாளம் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல், மெலிதாக இருக்கிறது. தொலைபேசியோ பழைய முறையில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். பேசுபவரின் உதடும் தெரியாது. அந்த மாலையில் என் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது “...பது” என்ற வாலும், அதற்கு முன் ஒரு மங்கலான ஒலியும் மட்டுமே. மீதியை மூளை தானாக நிரப்பிக்கொண்டது, தவறாக நிரப்பிக்கொண்டது.

இரைச்சல் ஏன் முதலில் 4,000 ஹெர்ட்ஸைக் கெடுக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. வெளிக்காதின் குழல், புல்லாங்குழலைப் போல, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தன் நீளத்தால் கூட்டி உள்ளே அனுப்புகிறது. சேதம் அதற்குச் சற்று மேலே உள்ள இடத்தில் விழுகிறது. உரத்த ஒலியில் ரோமக் கொத்துகள் குலைகின்றன, நுனி இழைகள் அறுகின்றன. அறுந்த இழை ஓரிரு நாளில் மீண்டும் கட்டிக்கொள்ளக்கூடும். ஆனால் அளவுக்கு மீறி உழைத்த செல், தன் உள்ளேயே உண்டாகும் நச்சுப் பொருள்களால் சில நாள்களில் இறந்துபோகிறது. அந்த இடத்தைப் பக்கத்துச் செல்கள் மூடித் தழும்பாக்கிவிடும். புதிய மயிர்ச் செல் முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கிறது என்பதை 1980-களின் இறுதியில் கோழிக்குஞ்சிலும் காடையிலும் கண்டார்கள். பாலூட்டிகளின் காக்ளியாவில் அது நடப்பதில்லை. மருந்தால் முளைக்க வைக்கும் முயற்சிகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கின்றன. எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் விடியற்காலையில் சீழ்க்கை அடிக்கும் கருநீலக் குருவிக்கு உள்ள அந்த வரம் நமக்கு இல்லை.

வேலை முடிந்து வீடு திரும்பும் இரவுகளில் என் காதில் ‘ங்ஙொய்’ என்ற இரைச்சல் இருக்கும், காலையில் போய்விடும். போய்விட்டதால் காது தேறிவிட்டது என்று நினைத்தேன். 2009-ஆம் ஆண்டு ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகிய இருவர் எலிகளில் செய்த ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. இரைச்சலுக்குப் பிறகு எலிகளின் கேட்கும் அளவு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. மயிர்ச் செல்களும் நின்றன. ஆனால் செல்லுக்கும் நரம்புக்கும் இடையே உள்ள இணைப்புகளில் ஏறத்தாழ பாதி, பாதிக்கப்பட்ட பகுதியில், நிரந்தரமாக அற்றுப்போயிருந்தன. ஆகவே அந்த இரவு இரைச்சலை எச்சரிக்கையாகவே கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் காது இரைந்தாலோ, வழக்கமான ஒலி அளவில் தொலைக்காட்சி கேட்காவிட்டாலோ, அன்று உங்கள் காது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

இனி நான் செய்யத் தவறியவற்றையும் இப்போது செய்துவருபவற்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேரும் வாரத்திலேயே ஒரு முறை காதுச் சோதனை செய்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஆண்டுக்கொரு முறை செய்து ஒப்பிடுங்கள். 4,000-இல் பள்ளம் விழத் தொடங்கும்போது பேச்சு நன்றாகவே கேட்கும் என்பதால், அதைக் காட்டிக்கொடுக்க அந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்திருந்தன. உலக அளவில் பல வல்லுநர்கள் 85-ஐயே பாதுகாப்பான எல்லை என்கிறார்கள். டெசிபல் கணக்கில் மூன்று கூடினால் ஆற்றல் இரட்டிப்பாகும். 85-இல் எட்டு மணி நேரம் நிற்பதும் 94-இல் ஒரு மணி நேரம் நிற்பதும் காதுக்கு ஒன்றே. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே இடம்பெற்றிருந்தது. ஆகவே இதைப் பற்றிப் பேசுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

காதில் பஞ்சை அடைத்துக்கொள்வதால் பயன் மிகக் குறைவு. நுரை அடைப்பானைப் பயன்படுத்துங்கள், ஆனால் முறையாக. கையைக் கழுவிவிட்டு, அடைப்பானை விரல்களுக்கு இடையே மடிப்பு விழாமல் மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்தால் வளைந்த குழல் நேராகும். அப்போது திரியை உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் பொருந்தவில்லை. நான் பார்த்தவரையில் அடைப்பான் அணிந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் அதை வாயிலில் ஒட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவே. மேற்பார்வையாளர் பேச வந்தால் கழற்றும் வழக்கமும் கெடுதல். 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றிவிட்டால் மொத்தப் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். பேச வேண்டியிருந்தால் அறைக்கு வெளியே வந்து பேசுங்கள். ரோலர் உரசும் ஓசை தெரியாமல் போகும் என்ற என் பழைய வாதமும் தவறு. நல்ல காது உள்ளவருக்கு அடைப்பான் இரைச்சலையும் உரசலையும் சேர்த்தே குறைப்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாறுவதில்லை; சில நாள் பழகினால் ரோலரின் குரலை அடைப்பானோடும் அடையாளம் காணலாம். ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவருக்குத்தான் அது கடினம். அதனாலேயே இளைஞர்கள் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

வேறு மருந்துகள் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். கிருமிகளைக் கொல்லும் மருந்துகளான ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை மயிர்ச் செல்களைக் கொல்லக்கூடியவை. அவை தேவைப்படும்போது தவிர்க்க முடியாதவைதாம், ஆயினும் இரைச்சலில் வேலை செய்கிறேன் என்பதை மருத்துவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், பனி ஏறியது என்று காத்திருக்காமல் அன்றே மலையிறங்கியாவது காது மருத்துவரைப் பாருங்கள். சில நாள்களுக்குள் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் கூடுதல்.

நான் காது கேட்கும் கருவி அணியத் தொடங்கி ஒன்பது ஆண்டுகளாகின்றன. அது இறந்த செல்லை எழுப்பாது. மிஞ்சியிருக்கும் செல்களுக்கு, எந்தச் சுருதி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கூட்டித் தருகிறது. ஆகவே என் வரைபடத்தைப் பார்த்துச் சரிசெய்த கருவியால்தான் பயன் உண்டானது. எல்லா ஒலியையும் ஒன்றாகப் பெருக்கும் விலை குறைந்த கருவியை முதலில் வாங்கிப் பார்த்தேன். பாத்திரம் விழும் ஓசை தலையைப் பிளந்தது, பேச்சு தெளியவில்லை. வெளிவரிசைச் செல்கள் இல்லாத காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ மற்றவர்களைப் போலவே உரமாக இருக்கும். இடைப்பட்ட வெளி குறுகிவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் மனைவி கத்துவதை நிறுத்தி, எனக்கு எதிரே வந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, சற்று நிதானமாகப் பேசுகிறாள். ஒரு சொல் புரியாவிட்டால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்கிறாள். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதோடு தீர்ந்தது.

என் பேத்தி பிறந்த மூன்றாம் நாள் அவள் காதில் ஒரு சிறு குழலை வைத்துச் சோதித்தார்கள். காதுக்குள் ஒலியை அனுப்பினால் வெளிவரிசைச் செல்கள் ஆடும் ஆட்டத்தின் எதிரொலி வெளியே வருகிறது. 1978-இல் டேவிட் கெம்ப் கண்டறிந்த அந்த எதிரொலியைக் கருவி பிடித்தால் அந்தச் செல்கள் உயிரோடு வேலை செய்கின்றன என்று பொருள். திரையில் ‘பாஸ்’ என்று வந்தது. உறங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காதிலிருந்து ஒலி வெளியே வருகிறது என்று நர்ஸ் சொன்னபோது, அதற்கு என்ன பொருள் என்று அந்த அறையில் எனக்குத் தெரிந்திருந்தது.

மலையில் கருவியைப் பேணுவதற்கு ஒரு குறிப்பு. மூடுபனிக் காலத்தில் ஈரம் உள்ளே இறங்கிக் கருவி அடிக்கடி நின்றுபோகும். இரவில் பேட்டரி அறையைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுகிறேன். மணிகளின் நிறம் மாறினால் ஜெல்லை மாற்றிவிட வேண்டும். புதிய துத்தநாகக் காற்று பேட்டரியில் ஒட்டுத்தாளை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றில் வைத்துப் போட்டால் நன்றாக உழைக்கும்.

கொட்டகையிலிருந்து எடை சொல்லும் முறையையும் அந்த 2016-ஆம் ஆண்டிலேயே மாற்றினோம். எண்ணை முழுதாகச் சொன்னபின் இலக்கம் இலக்கமாகவும் சொல்ல வேண்டும், கேட்டவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது தொடர்கிறது. சென்ற மாதம் அந்த வழியாகப் போனபோது, கொட்டகையில் ஒரு பையன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: “எழுபது. ஏழு, பூஜ்யம்.”